பச்சைப் பல்

சாலைக் கடைத்தெருவில் அரிசியைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு சுடலைமாடன் பீடம் கட்டியிருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் சாமியை மட்டும் ஊரில் விட்டுவிட்டு வருவார்களா? எழுபத்தாறாம் வருஷம் சித்திரைக் கொடைத் திருவிழாவன்று, மத்தியான பூசையில், மாடத்தியின் மகள் பொன்னம்மைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று அத்தனை பேர் முன்னிலையிலும் முடிவாகிவிட்டது.

முடிவு சொன்னவர் உச்சிமாகாளி. அவரும் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற ஆள்தான். ஆனால் கொடைக்குக் கொடை மாடன் அவர் மேல்தான் இறங்குவார். அதனால் மற்ற நாளிலும் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. ஏழு வயசுப் பிள்ளையைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் கைமணியை அடித்துப் பார்த்தார்கள். பிள்ளை திரும்பவில்லை. மேளக்காரர் பெரிய மேளத்தில் ஒரே ஒரு அடி போட்டார். உடம்பு தூக்கிவாரிப் போடத் திரும்பினாள். கற்பூரத் தட்டை முகத்துக்கு மேலே உயர்த்திக் காட்டினார்கள். கண் மேலே போகவில்லை. கழுத்தை முறுக்கி, மண்டையை முழுக்கப் பின்னால் சாய்த்து, ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பார்ப்பதுபோலப் பார்த்தாள். கை ஒருபக்கம் இழுத்தது, கால் ஒருபக்கம் இழுத்தது. வாயைத் திறக்கச் சொன்னால் அத்தனை பல்லும் பாசி படிந்த பச்சை.

"மணி சாமிக்கு உள்ளது. அதுக்கு அசைய மாட்டேங்கா. மேளத்துக்கு மட்டும் துள்ளுதா. தீபாராதனையக் கண்ணெடுத்துப் பாக்க மாட்டேங்கா. இதுக்கு மேல என்னல வேணும் ஒனக்கு?" என்று உச்சிமாகாளி பொன்னம்மையின் அப்பன் சொரிமுத்துவைப் பார்த்துக் கேட்டார். "வாற வெள்ளிக்கிழமை ஊருக்குக் கொண்டு போயி சங்கிலியில போட்டுரு."

சொரிமுத்து சரி என்று தலையாட்டினான். மாடத்தி பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சங்கிலி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். சொரிமுத்துவின் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு கோயில், அதன் பின்பக்கம் ஓலைக் கொட்டகை, கொட்டகை நிறையத் தூண்கள். பேய் பிடித்தவர்களைத் தூணோடு சங்கிலியில் பிணைத்து, காலையும் மாலையும் பிரம்பால் விளாசுவார்கள். கல்யாணமான புதிதில் மாமியார்க்காரி அவளை அங்கே கும்பிடக் கூட்டிப்போயிருந்தாள். கணுக்காலில் சங்கிலி அறுத்த புண்ணில் ஈ மொய்க்க, விரட்டக்கூடக் கை எட்டாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மாடத்தியைப் பார்த்துச் சிரித்தாள். பெரியவர்களாவது சிலபேர் அங்கிருந்து வீடு திரும்பியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளை எதுவும் திரும்பியதாக மாடத்தி கேள்விப்பட்டதே இல்லை.

சொரிமுத்துவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரிய மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவான், அந்தக் கையாலேயே வீட்டிலும் அடிப்பான். குடித்தால் அடிப்பான், குடிக்கக் கிடைக்காவிட்டாலும் அடிப்பான். கல்யாணமான வருஷமே மாடத்தி வயிற்றில் ஆறுமாசப் பிள்ளை இருக்கும்போது, குழம்பில் உப்பு கூடிப்போயிற்றென்று எட்டி மிதித்தான். சாயங்காலத்துக்குள் பிள்ளை கலைந்து விழுந்தது. கேட்டவர்களிடமெல்லாம் படியில் விழுந்துவிட்டேன் என்றாள். பெண்பிள்ளைகள் எல்லாரும் சொல்லுகிற பொய்தானே, எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது பிள்ளை முழுசாகப் பிறந்தது. பிறந்த அன்றைக்கே மஞ்சள் அரைத்துப் பூசினதுபோல நிறம் மாறி, மறுநாள் விறைத்துச் செத்தது. மூன்றாவதுதான் பொன்னம்மை. மாமியார் பேரை வைக்க வேண்டுமென்று முன்னாலேயே முடிவாகியிருந்தது. அந்தப் பேருக்குத் தோதாக இதுவும் மஞ்சளாகவே வந்தது. பால் குடிக்காமல் வில்லாக வளைந்ததைப் பார்த்து மூன்றாம் நாள் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தொப்புள்கொடி வழியாகப் பழைய ரத்தத்தை உருவிவிட்டுப் புது ரத்தம் ஏற்றினார்கள். உயிர் தப்பிவிட்டது. கிளம்பும்போது ஒரு டாக்டர், அம்மாவின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் சேராமல் போனதுதான் காரணம் என்று சொல்லிவைத்தார். ஆயிரம் நல்ல வார்த்தை சொன்னாலும் ஏறாத சொரிமுத்துவின் மண்டையில் அந்த ஒரு வார்த்தை மட்டும் ஆணியடித்ததுபோல ஏறிவிட்டது. அன்றைக்கிலிருந்து மாடத்திக்குப் பேர் பிள்ளைதின்னி.

பொன்னம்மைக்குக் கழுத்து நிற்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. நடக்க நாலரை. தம்ளரை எடுக்கப் போனால் கை வேறெங்கோ போய்த் தட்டிவிடும். வாயில் சத்தம் வரும், பேச்சு வராது. இதையெல்லாம் மாடத்தி தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒன்றே ஒன்று. அப்பன் அதட்டினால் பிள்ளை திரும்புகிறாள். லாரி வந்தால் திரும்புகிறாள், கிட்டங்கியில் மூட்டை தொப்பென்று விழுந்தால் திரும்புகிறாள். பெற்ற தாய் தொண்டை கிழியக் கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. காது கேட்கிற பிள்ளை தன்னை வேண்டுமென்றே ஒதுக்குகிறாள் என்று மாடத்தி நம்பினாள். உலகமே பிள்ளைதின்னி என்கிறதே, இவளுக்கும் அது தெரிந்துவிட்டதோ என்றுகூட நினைத்திருக்கிறாள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவளுக்கு வெறி ஏறும். வெறி ஏறினால் அடிப்பாள். அடி வாங்குகிற கைக்கும் அடிக்கத் தெரியும்.

கொடை முடிந்த மறுநாள் சொரிமுத்து வேலைக்குப் போனதும் மாடத்தி கதவைச் சாத்தினாள். வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையை வழிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளைக்குப் பேயில்லை என்று உச்சிமாகாளியிடம் காட்டிவிட்டால் போதும். அதுதான் அவள் கணக்கு. புளியம்விளாறு ஒன்றை ஒடித்து வைத்திருந்தாள். பொன்னம்மையைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, பின்னால் நின்று கூப்பிட்டாள். மாடத்திக்குக் கீச்சுக் குரல். கோபம் வந்தால் இன்னும் மேலே போகும். கூப்பிட்டாள், திரும்பவில்லை, ஒரு அடி. கூப்பிட்டாள், திரும்பவில்லை, இன்னொரு அடி. பிள்ளையின் முதுகில் விளாறு வரிவரியாகப் பதிந்தது. அடி விழும்போது மட்டும் திரும்பி, எதற்கென்று புரியாமல் அம்மா முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வைதான் மாடத்தியை இன்னும் கிளப்பிவிட்டது.

"திரும்பினா என்னட்டி? ஒரு வாட்டி திரும்பேன். அங்கன கொண்டு போயிக் கட்டிப்போட்டுருவாங்கட்டி" என்று கத்திக்கொண்டே விளாறை எறிந்துவிட்டுக் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

பிள்ளை சுவரில் மோதிச் சரிந்தாள். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. ரத்தத்தோடு ஒரு பச்சைப் பல் தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் பக்கத்து அறைத் தங்கபாய். மார்த்தாண்டத்துக்காரி, கிறிஸ்தவ வேதக்காரி, பெரிய ஆசுபத்திரியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. மாடத்தியின் இரண்டு கையையும் பிடித்து மடக்கிவிட்டாள்.

"கொல்லப் போறியா மக்களே? அவன் ஒன்னக் கொல்லுதான், நீ இதக் கொல்லுத. பிள்ளையத் தூக்கு. குழந்தைக டாக்டரம்மா இருக்காவ, இப்பளே போவோம்."

டாக்டர் வாலாம்பாள் கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள். நரைத்த தலை, மூக்குத்தி, வெள்ளைக் கோட்டு. பிள்ளையின் முதுகைப் பார்த்தாள், மாடத்தியின் முகத்தில் பழைய காயங்களைப் பார்த்தாள். யார் அடித்தது என்று கேட்கவில்லை. பஞ்சால் வாயைத் துடைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இது விழ வேண்டிய பால்பல்லுதான். கீழே பாரு, புதுப்பல்லு வரது. வெள்ளையா வரது, கேட்டியோ."

மாடத்தி குனிந்து பார்த்தாள். ஈறுக்குள் அரிசிமுனைபோல ஒரு வெள்ளை தெரிந்தது.

டாக்டரம்மாள் மூன்று தம்ளரைக் கவிழ்த்து ஒன்றுக்குக் கீழே மிட்டாயை வைத்து, மூன்றையும் இடம் மாற்றினாள். பொன்னம்மை கண்ணை எடுக்காமல் பார்த்திருந்து, விறைத்த கை இடறினாலும் மிட்டாய் இருந்ததையே நேராகத் திறந்தாள். இன்னொருமுறை மாற்றினாலும் திறந்தாள். பிறகு டாக்டரம்மாள் அவள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சாவிக்கொத்தைக் குலுக்கினாள். பிள்ளை மிட்டாயைத் தின்றுகொண்டிருந்தாள். மேசையைக் கை முட்டியால் தட்டியதும் பிள்ளை திரும்பினாள். கடைசியில் டாக்டரம்மாள் தன் குரலை நன்றாகக் கீழே இறக்கி, ஆண்பிள்ளைக் குரலில், நிதானமாக, "பொன்னம்மை" என்றாள்.

பொன்னம்மை திரும்பினாள்.

மாடத்தி பக்கத்தில் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கனத்த சத்தம் இவளுக்குக் கேக்கும். மெல்லிசுச் சத்தம் கேக்காது. மணி கேக்காது, உன் குரல் கேக்காது. உன் ஆம்படையான் குரல் கேக்கும்" என்றாள் வாலாம்பாள். "நீ உண்டாயிருந்தப்போ உன் ரத்தம் இவளோட ரத்தத்தை அந்நியம்னு நெனைச்சு உடைச்சிருக்கு. அந்த மஞ்சள் தலைக்கு ஏறி, மூளையிலே சில எடத்தைத் தொட்டுடுத்து. கைகால் இழுக்கறது, கண்ணு மேலே போகாதது, காது, எல்லாம் அதோட வேலையாக்கும். பால்பல்லும் அந்தச் சமயத்துலே உண்டானதுதான், அதான் பச்சை. புத்தியை அது தொடலை. இவ கெட்டிக்காரி."

"பேயில்லையா?"

"பேயுமில்லை, பிசாசுமில்லை. இவளுக்கு மின்னாடி எத்தனை பெத்தே?"

மாடத்தி சொன்னாள். வாலாம்பாள் விரல்விட்டு எண்ணினாள். "மொதல் தரமே ரத்தம் இப்படிச் சண்டைக்குப் போகாது. பிள்ளையோட ரத்தம் அம்மா ரத்தத்திலே கலந்து, அதுக்கப்புறந்தான் பழகும். அந்த மொதல் கர்ப்பத்திலே வயத்திலே அடி ஏதாவது பட்டுதோ?"

"படியில விழுந்துட்டேன்" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் சொன்னது, நாக்கிலேயே இருந்தது. மாடத்தி பிள்ளையின் முதுகைப் பார்த்தாள். பிறகு, "நாங்க இருக்கது லைன் வீடு டாக்டரம்மா. அங்க படியே கிடையாது. மிதிச்சாரு" என்றாள்.

டாக்டரம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "அப்போதான் கலந்திருக்கணும். உன் ரத்தம் தானா ஒண்ணும் செய்யலை." பிறகு காலுக்குப் பயிற்சி கொடுக்க வாராவாரம் வரவேண்டும், காதுக்கு மிஷின் வைக்க முடியுமா என்று பார்க்கலாம், கிட்டே போய் முகம் பார்த்துக் கீழ்க்குரலில் பேசு என்றெல்லாம் சொன்னாள். கடைசியாக, "அடிச்சா காது வராதுடியம்மா" என்றாள்.

திரும்பிவரும் பஸ்ஸில் மாடத்தி தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதை வெட்டிப் போட வேண்டும்போல இருந்தது. ஏழு வருஷமாகக் கேட்காத பிள்ளையைக் கேட்கவில்லை என்று அடித்திருக்கிறாள். பொன்னம்மை அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். இவளா தன்னை ஒதுக்கினாள் என்று நினைத்தபோது மாடத்திக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பஸ் என்றும் பார்க்காமல் அழுதாள்.

சாயங்காலம் சொரிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மிதித்ததுதான் காரணம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் அப்போது இல்லை.

"பிள்ளைக்குப் பேயில்லையாம். மெல்லிசுச் சத்தம் காதுல விழாதாம். உங்க குரல் கனத்த குரல், அதான் நீங்க சொன்னா கேக்கா. டாக்டரம்மா பாத்துட்டுச் சொன்னாவ."

"டாக்டருச்சி மாடனை விடப் பெரியவளோ?" என்று சொரிமுத்து எழுந்தான். "என்னக் கேக்காம பிள்ளையத் தூக்கிட்டு ஊர் சுத்தப் போனியோ?" கொண்டையைப் பிடித்துத் தலையைக் கதவு நிலையில் மோதினான். நெற்றி பிளந்தது. கீழே விழுந்தவளை விலாவில் மிதித்தான். பொன்னம்மை மூலையில் பாத்திரங்களுக்கிடையில் ஒடுங்கிக்கொண்டாள். அவன் உறுமல் மட்டும் அவளுக்குக் கேட்டிருக்கும். அம்மாவின் அலறல் கேட்டிருக்காது. அதை நினைத்து மாடத்தி அந்த வேதனையிலும் கொஞ்சம் ஆறுதல்பட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சொரிமுத்து குளித்துத் திருநீறு பூசி, மாடத்தி அடுப்பங்கரையில் இருக்கிற நேரம் பார்த்து, பிள்ளையை அரிசி மூட்டையைப்போலத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். கிழக்கேகோட்டைக்குப் போய் பஸ் ஏற வேண்டும். சந்து முனையில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. உச்சிமாகாளியும் மற்றவர்களும் அங்கேதான் நின்றார்கள். மாடத்தி தலைவிரிகோலமாக ஓடிவந்து அவன் வேட்டியைப் பிடித்தாள்.

"பிள்ளைய விடுங்க. ஒங்க காலப் பிடிக்கேன்."

புறங்கையால் ஒன்று விட்டான். அவள் விடவில்லை. பிள்ளையைச் சுவரோரம் தொப்பென்று இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினான். ஆட்கள் மூட்டையும் தலையுமாக நின்று பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டி விவகாரம், எவன் குறுக்கே போவான்? மாடத்தியின் உதடு கிழிந்தது, காதுத் தோடு அறுந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. பொன்னம்மை சுவரைப் பார்த்தபடி, காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள்.

"பிள்ளைதின்னி. ரெண்டத் தின்ன, மூணாவதையும் பேய்க்குக் குடுத்த. விடுட்டி" என்றான்.

அந்த வார்த்தையில்தான் மாடத்திக்குள் என்னமோ அறுந்தது. அடி மேல் அடி விழுவதைப் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து நின்றாள்.

"ஏல சொரிமுத்து" என்றாள். கட்டின புருஷனைப் பேர் சொல்லி, ஏல போட்டு அவள் கூப்பிட்டதைக் கேட்டு அவனுக்கே கை நின்றுவிட்டது. "தின்னது நானா? ஆறுமாசப் பிள்ளைய வயித்தோட வச்சு மிதிச்சியே, அது ரத்தம் என் ரத்தத்துல கலந்துபோச்சு. அன்னைக்குத்தான்ல என் ரத்தத்துக்குக் கிறுக்குப் பிடிச்சுது. அதுக்குப் பெறகு வந்த ரெண்டையும் அதுதான் உருக்குலைச்சுது. ஒன் காலுதான்ல பேயி." பிறகு லாரியைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "படியில விழுந்தேன்னு ஒங்க எல்லார்ட்டயும் சொன்னேன். நம்ம லைனுல படி எங்க இருக்கு? நீங்க யாராவது சொல்லுங்க."

எல்லாரும் அதே லைனில் குடியிருப்பவர்கள். தரையோடு தரையாக இருக்கிற அந்த வாசல்களை நாள்தோறும் மிதித்துப் போய்வருகிறவர்கள். உச்சிமாகாளி ஒருமுறை லைன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சொரிமுத்து காலைத் தூக்கி அவள் வயிற்றில் உதைத்தான். மாடத்தி பின்னால் போய் அடுக்கியிருந்த மூட்டைகள் மேல் விழுந்தாள். மேல் மூட்டையில் ஒரு கொக்கி குத்தியபடி இருந்தது. ஆண்பிள்ளைகள் மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி. இன்னொரு மிதிக்கு அவன் காலை ஊன்றிக்கொண்டு நெருங்கியபோது மாடத்தி கொக்கியை உருவி, மண்டிபோட்டபடியே, ஊன்றின காலின் மேல் தன் முழு பலத்தோடும் இறக்கினாள். விரல் எலும்புகளுக்கு நடுவே புகுந்து அடிப்பாதம் வழியாக வெளியே வந்து மண்ணில் குத்தி நின்றது. அவள் பிடியை விட்டுவிடவில்லை. இன்னும் அழுத்தினாள்.

சொரிமுத்து கத்தினான். அந்தக் கனத்த தொண்டையிலிருந்து அப்படியொரு குரல் வருமென்று யாருக்கும் தெரியாது. பன்றி அறுக்கும்போது கத்துமே, அப்படி மெலிந்து கீச்சென்று போயிற்று. மூட்டையைத் தலையிலிருந்து போட்டுவிட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள்.

சுவரோரம் காதிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்த பொன்னம்மை மட்டும் திரும்பவில்லை. அப்பனின் சத்தம் முதல்தடவையாக அவளுக்கு எட்டவில்லை.

அதை உச்சிமாகாளி பார்த்தார். மாடத்தியும் பார்த்தாள். கொக்கியை விட்டுவிட்டு எழுந்தாள். முகம் முழுக்க ரத்தம், மூச்சு வாங்கியது. கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்து அடிவயிற்றிலிருந்து, வெட்கமில்லாமல், ஆண்பிள்ளைக் குரலில், "பொன்னம்மை" என்றாள்.

பிள்ளை திரும்பினாள்.

கூட்டத்தில் ஒருவன், "போலீசு வரும் மாமா" என்றான்.

உச்சிமாகாளி தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சொரிமுத்துவின் காலில் சுற்றும்படி எறிந்தார். "இவனத் தூக்கி ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கல. யாரும் கேட்டா, கொக்கி மேல விழுந்துட்டான்னு சொல்லுங்க." பிறகு மாடத்தியைப் பார்க்காமல், "இன்னொரு வாட்டி கூப்பிடு தாயி" என்றார்.

மாடத்தி கூப்பிட்டாள். பொன்னம்மை சுவரைப் பிடித்து எழுந்து, ஒரு கால் இழுக்க, ஒரு கை முறுக்க, பல் விழுந்த வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்து நடந்து வந்தாள்.